தைக்கும் மாசிக்கும் இடையில் ஓர் ஆறு

இப்படியான நினைவு மலர்களில் இறந்தவரைக் 'குடும்பத்தின் ஒளிவிளக்கு' என்று எழுதுவது வழக்கம். எங்கள் அண்ணை, ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் எழுந்துபோய் அணைத்துவிட்டு வருகிறவர். அவரை விளக்கென்று எழுத எனக்குக் கை வரவில்லை. அவருடைய இளைய தங்கச்சியாகிய நான், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து இந்த மலரை வாங்கிச் செல்லும் உறவுகளும் நண்பர்களும் கடைசிவரை வாசிக்க வேண்டும். சில இடங்கள் உங்களில் சிலருக்குச் சுடக்கூடும். எழுதும்போது எனக்கும் சுட்டது.

அண்ணை கோப்பாயில் பிறந்தார். அப்பா தபாற்கந்தோரில் வேலை. அண்ணை, அக்கா, நான் என்று மூன்று பிள்ளைகள். எங்களுக்குக் கடல் என்பது பஸ் ஏறிப்போய்ப் பார்க்கும் இடம். மீன் என்பது சைக்கிள் பெட்டியில் வாசலுக்கு வரும் பொருள். செத்தவீட்டில் பேசிய ஒருவர், மீன் பிடிக்கும் ஆசை அண்ணைக்கு ஊரிலேயே ஊறியது என்றார். அது பிழை. ஊரில் இருந்தவரை அண்ணை ஒரு மீனையும் உயிரோடு தொட்டதில்லை.

அப்பா காலமானபோது அண்ணைக்குப் பத்தொன்பது வயது. எண்பதுகளின் நடுவில் லண்டனுக்கு வந்தார். டூட்டிங்கில் ஒரு கடைக்கு மேல் இருந்த அறையில் நாலு பேரோடு இருந்து படிக்கத் தொடங்கினார். படிப்பு முடியவில்லை. அம்மாவையும் எங்களையும் லண்டனுக்கு எடுப்பிப்பதா, சோதனை எழுதுவதா என்று வந்தபோது அவர் யோசித்ததாகவே எனக்குத் தெரியவில்லை. விமான நிலையத்தில் சரக்குப் பகுதியில் வேலை கிடைத்தது. ஹவுன்ஸ்லோவில் வீடு எடுத்தார். ஓய்வு பெறும்வரை அதே வேலை, அதே வீடு. அக்காவை ரொறன்ரோவில் கட்டிக் கொடுத்தார். என்னை லண்டனிலேயே, மோர்டனில் கட்டிக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் தன் கலியாணத்துக்குச் சம்மதித்தார். அண்ணி இந்தக் கதையை இப்போதும் ஒரு முறைப்பாடாகத்தான் சொல்லுவார்.

எதையும் திட்டம் போட்டுச் செய்வது அண்ணையின் குணம். எங்கள் குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் அவரிடம் ஒரு கோப்பு இருந்தது. விசாக் கடிதம், பாடசாலைப் பத்திரம், கவுன்சில் பத்திரம், எல்லாம் அதற்குள். அம்மாவின் செத்தவீட்டில் ஐயருக்கு மறந்துபோன தர்ப்பையை அண்ணை தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்ததைக் கண்டவர்கள் இங்கே இருக்கிறீர்கள். அக்காவுக்கு மூன்று பிள்ளைகள், எனக்கு இரண்டு. ஐந்து பேருக்கும் அவர் ஒருவரே தாய்மாமன். தோடு குத்துவதிலிருந்து பெரியபிள்ளையான பெண்ணின் சாமத்திய வீடு, கலியாணம்வரை மாமன் இல்லாமல் எங்கள் வீடுகளில் ஒரு காரியமும் நடக்காது. சரக்குப் பகுதி அவருக்கு ஓய்வு கொடுத்தது. நாங்கள் கொடுக்கவில்லை.

இனி மீனுக்கு வருகிறேன்.

வேலையிடத்தில் டெரெக் என்று ஒரு வெள்ளைக்காரர். அவர் ஓர் ஓய்வு நாளில் அண்ணையைத் தன்னோடு ஒரு நீர்த்தேக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். புழுவை ஊசியில் குத்திப் போடும் தூண்டில் அல்ல அது. இறகையும் நூலையும் ஊசியில் சுற்றிப் போலிப் பூச்சி ஒன்றைக் கட்டி, நீளமான கயிற்றை முன்னும் பின்னும் வீசி, அதைத் தண்ணீரில் மெல்ல வைப்பது. அண்ணைக்கு அது உடனே பிடித்துவிட்டது. ஹவுன்ஸ்லோவில் வீட்டுக்குக் கிட்டவுள்ள புல்வெளியில் ஊசி இல்லாத கயிற்றை மணிக்கணக்காக வீசிப் பழகுவார். தெருவில் குடியிருந்த எங்கள் ஆள் ஒருவர் அண்ணியிடம் வந்து, குரலைத் தாழ்த்தி, "உங்கட அவருக்கு ஏதும் சுகமில்லையோ? புல்லுக்குள்ளை நிண்டு மீன் பிடிக்கிறார்" என்று கேட்டிருக்கிறார்.

போலிப் பூச்சிகளைக் குசினி மேசையில் வைத்துத் தானே கட்டுவார். பளபளப்புக்கு மினுக்க நூல் வேண்டும். கடையில் விற்கும் நூல் அவருக்குத் திருப்தியில்லை. ஒருநாள் அண்ணி பழைய பட்டுச்சேலை ஒன்றை எடுத்து விரித்தபோது கரைச்சரிகை ஒரு முழத்துக்குக் காணவில்லை. அண்ணி இரண்டு நாள் கதைக்கவில்லை. "சேலை கிழிஞ்சதுதானே" என்று அண்ணை சொன்னது நிலைமையை இன்னும் மோசமாக்கியது.

உறவில் ஒரு பெரியவர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, "எங்கட ஆக்கள் மீன் வாங்கிற ஆக்களடா தம்பி. பிடிக்கிற ஆக்களில்லை" என்றார். அண்ணை கோபிக்கவில்லை. "இஞ்சை இந்த விளையாட்டுக்குப் பிரபுமார்தான் போறவை, ஐயா. அதுதான் எனக்கும் கொஞ்சம் யோசனை" என்றார். பெரியவர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் பேச்சை மாற்றினார்.

ஸ்டீல்ஹெட் என்ற மீனின் பெயரை அண்ணை முதலில் கேட்டதும் டெரெக்கிடம்தான். கனடாவின் மேற்குக் கரையில், பிரிட்டிஷ் கொலம்பியாவில் உள்ள மீன். ஆற்றில் பிறந்து கடலுக்குப் போய், பெருத்து, உருக்கு நிறத்தில் மினுங்கிக்கொண்டு அதே ஆற்றுக்குத் திரும்பி வரும். குளிர் காலத்தில் வருவதைப் பிடிப்பதுதான் மிகவும் கடினம். உறைகிற தண்ணீரில் நெஞ்சளவு ரப்பர் காற்சட்டை போட்டு நிற்க வேண்டும். ஆயிரம் தரம் வீசினால் ஒன்று வரும் என்பது அந்த மீன் பிடிக்கிறவர்கள் சொல்லும் கணக்கு. டெரெக் இளவயதில் அங்கே போய் ஆறு நாள் நின்றிருக்கிறார்.

"எத்தினை பிடிச்சனீர் எண்டு கேட்டன்," என்று அண்ணை எனக்குச் சொன்னார். "ஒண்டும் இல்லையாம்."

"பிறகேன் அதைப் பற்றிக் கதைக்கிறார்?"

"அதுதான் தங்கச்சி. ஒண்டும் பிடிக்காமல் வந்திட்டு இருவது வருஷமாச் சந்தோசமாக் கதைக்கிறான். எங்கட ஆக்களிலை அப்பிடி ஒருத்தரைக் காட்டு பாப்பம்."

என்னால் காட்ட முடியவில்லை. நாங்கள் எங்கே போனாலும் எதையாவது கொண்டுவந்தால்தான் போனதாகக் கணக்கு.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். செத்தவீட்டில் இன்னொருவர், அந்த மீனைப்போல அண்ணையும் தன் பிறந்த ஊருக்குத் திரும்ப ஏங்கினார் என்று உருக்கமாகப் பேசினார். கேட்டவர்கள் அழுதார்கள். அண்ணைக்கு அப்படி ஓர் ஏக்கமும் இருக்கவில்லை. அவருக்கு ஹவுன்ஸ்லோ பிடிக்கும். வெப்பமூட்டி ஒழுங்காக வேலை செய்கிற வீடு அவருக்குப் பிடிக்கும். அவர் அந்த ஆற்றுக்குப் போக விரும்பியது ஆற்றுக்காகவும் மீனுக்காகவும்தான். வேறொன்றும் இல்லை.

கனடாவுக்கு அண்ணை ஏழு தடவை போயிருக்கிறார். ஏழு தடவையும் ரொறன்ரோ. ஏழு தடவையும் யாருக்காவது சடங்கு, அல்லது கலியாணம், அல்லது செத்தவீடு. ஓய்வு பெற்ற ஆண்டு என்னிடம் சொன்னார்: "ஒருக்கா, ஒருத்தற்றை விசேசமும் இல்லாமல், கனடாவுக்குப் போகவேணும். ஏழு நாள், ஒரு கிழமை காணும்."

அதன் பிறகு திட்டம் தொடங்கியது. அந்த ஆற்றின் மட்டத்தை அங்குள்ளவர்கள் நாள்தோறும் அளந்து இணையத்தில் போடுவார்கள். அண்ணை காலைத் தேத்தண்ணியோடு அதைப் பார்ப்பார். மழை பெய்தால் ஆறு ஏறிக் கலங்கும். மழை விட்டபின் இறங்கி, பச்சையாகத் தெளியும். அந்த இரண்டு மூன்று நாளில்தான் மீன் மேலே நகரும். எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், காலையில் நான் வேலைக்குப் புறப்படும் நேரம் பார்த்துத் தொலைபேசி எடுப்பார். "இண்டைக்கு ஆறு இறங்கிட்டுது" என்பார். நான் ஒரு கையால் சப்பாத்தை மாட்டிக்கொண்டு, "நல்லது அண்ணை" என்பேன். ஆற்றின் பெயரை மட்டும் சொல்லமாட்டார். நல்ல ஆற்றின் பெயரை வெளியில் சொல்வது பிழையாம். நானும் என் கணவரும் போய் அந்த மீனையெல்லாம் பிடித்துவிடுவோம் என்று பயந்தாரோ தெரியாது.

என் கணவருக்கு இந்த விஷயம் கடைசிவரை விளங்கவில்லை.

"ஆயிரம் தரம் வீசி ஒரு மீனோ மச்சான்? டூட்டிங்குக்குப் போனால் வெட்டித் துப்பரவாக்கித் தருவான்."

"அந்த மீனைத் தின்னேலாது. திரும்ப விடவேணும். அதுதான் அங்கத்தைச் சட்டம்."

"பிடிச்சிட்டு விடுறதோ?"

"ஓம். ஒரு நிமிசம் தண்ணிக்குள்ளை வைச்சுப் பாத்திட்டு விடுறது."

"பாக்கிறதுக்கோ இவ்வளவும்?"

"பாக்கிறதுக்குத்தான்" என்றார் அண்ணை. அவர் பகிடி விடவில்லை.

இரண்டு கையால் பிடித்து வீசும் நீளத் தடி ஒன்று வாங்கினார். அந்த ஆற்றுப் படகோட்டி ஒருவரோடு கடிதத் தொடர்பு வைத்தார். எந்தக் கம்பளிச் சட்டைக்கு மேல் எந்தச் சட்டை, விரல் நுனி வெட்டிய கையுறை எத்தனை சோடி, சுடுதண்ணிப் போத்தல் எங்கே வைப்பது, எல்லாம் கோப்பில் ஏறியது. இப்போது எங்கள் ஆட்களுக்கேயுரிய சிக்கல் ஒன்று வந்தது. அந்த ஆற்றில் குளிர்கால மீன் நிறைய வருவது தையிலும் மாசியிலும். நமக்கு நல்ல நாள் வருவதும் தையிலும் மாசியிலும். தை பிறந்தால் வழி பிறக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்! எல்லோருக்கும் வழி பிறக்கும்போது அண்ணையின் வழி அடைபட்டது.

முதல் ஆண்டு அடைத்தது நான். என் மூத்தவளின் கலியாணத்துக்குச் சாத்திரியார் தையில் ஒரு ஞாயிறைக் குறித்துத் தந்தார். மண்டபமும் கிடைத்தது. அண்ணைக்கு எடுத்துச் சொன்னேன்.

"தையிலையோ?" என்றார்.

"ஓம் அண்ணை. ஏன், உங்களுக்கு ஏதும் இருக்கோ?"

"சீச்சீ. எனக்கென்ன இருக்கு. நீ வை."

அவர் பயணச்சீட்டு எடுத்துவைத்திருந்த கிழமை அது என்பதை, கலியாணம் முடிந்து நாலாஞ்சடங்குக்குச் சமைத்துக்கொண்டிருந்தபோது அண்ணி சொல்லித்தான் அறிந்தேன். அண்ணையிடம் போய்ச் சண்டை பிடித்தேன். "சொல்லியிருந்தால் மாத்தியிருப்பம்தானே" என்றேன். "மாமன் மீன் பிடிக்கப் போறான் எண்டு கலியாண நாளை மாத்தினால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பினம்?" என்றார். அது உண்மைதான். ஆனால் அவர் சொல்லியிருந்தாலும் நான் மாற்றியிருக்க மாட்டேன் என்பதும் உண்மை.

இரண்டாம் ஆண்டு அக்காவின் மகனுக்கு ரொறன்ரோவில் மாசியில் கலியாணம். அண்ணைக்கு உள்ளுக்குள் மகிழ்ச்சி. எப்படியும் கனடாவுக்குப் போகத்தானே வேண்டும், கலியாணம் முடிய அப்படியே மேற்கே பறந்து ஐந்து நாள் ஆற்றில் நின்றுவிட்டுத் திரும்பலாம் என்று திட்டம் போட்டார். தடியைக் குழாயில் போட்டுக் கையோடு கொண்டு வந்தார். நானும் போயிருந்தேன், ஆகவே நடந்ததைக் கண்ணால் கண்டேன். கலியாணம் நல்லபடி முடிந்தது. அடுத்த நாள் மாப்பிள்ளையின் சித்தப்பா வீட்டில் எங்களுக்கு விருந்து. அங்கே போனதை அறிந்து அடுத்த தெருவில் இருந்த பெரியம்மாவின் மகள், "அங்கை போவியள், எங்கட வீடு கண்ணிலை தெரியாதோ?" என்று கேட்டார். அவர் வீட்டுக்குப் போனோம். அதை அறிந்து இன்னொருவர். ஒரு வீட்டில் ஏறினால் ஒன்பது வீட்டில் ஏற வேண்டும், ஒன்றைத் தவறவிட்டால் பத்து வருஷம் கதைக்கமாட்டார்கள். ஐந்து நாளும் ரொறன்ரோவின் ஸ்கார்பரோவில் வடையும் தேத்தண்ணியுமாகப் போனது. தடிக்குழாய் அக்கா வீட்டுக் கதவுக்குப் பின்னால் சாத்தியபடி நின்றது. வந்த ஒருவர் அதைத் தூக்கிப் பார்த்து, "யன்னல் சீலைக்கோ?" என்று கேட்டார். அண்ணை ஓம் என்றார்.

விமானத்தில் திரும்பும்போது அண்ணை நல்ல நித்திரை. எனக்கு நித்திரை வரவில்லை. அந்த வீடுகளில் ஆறு வீட்டுக்கு, "போகாட்டில் குறை நினைப்பினம் அண்ணை" என்று அவரை இழுத்துக்கொண்டு போனது நான்.

அந்த ஆண்டு ஆவணியில் மூன்றாவது திட்டத்தோடு அண்ணை எங்கள் வீட்டுக்கு வந்தார். டூட்டிங் கடையில் சும்மா கொடுக்கும் தமிழ் நாட்காட்டியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தார். மேசையில் விரித்து, மார்கழியில் விரலை வைத்தார்.

"இஞ்சை பார். மார்கழியிலை ஒருத்தரும் ஒண்டும் வைக்கமாட்டினம். கலியாணம் இல்லை, சாமத்தியம் இல்லை, வீடு குடிபூரல் இல்லை. அந்த ஆத்துக்கு முதல் மீன் மார்கழியிலை வந்திடும். கொஞ்சமாத்தான் வரும். எண்டாலும் வரும்."

பிள்ளையார்கதையும் திருவெம்பாவையும் படிக்கும் மாதத்தில் மீன் பிடிக்கப் போவதா என்று நான் ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தேன். "நான் தின்னப்போறேல்லையே. விரதம் முறியாது" என்றார். அதற்கும் அவர் முன்பே யோசித்து வைத்திருக்கிறார். அண்ணிக்குக் குளிர் ஒத்துவராது, மூச்சு இழுக்கும். தனியாக ஆற்றில் இறங்கக்கூடாது என்பது படகோட்டியின் கட்டளை. "நான் வாறன்" என்று வாய் தவறிச் சொன்னேன். அண்ணை என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையைப் பார்த்தபின் அதை மாற்றிச் சொல்ல முடியவில்லை.

அந்தப் புரட்டாதி முழுக்க எனக்குப் பயிற்சி. மோர்டன் பூங்காவுக்குள்ளால் ஓடும் வான்டில் ஆற்றில், பிள்ளைகள் கால் நனைக்கும் ஆழம் குறைந்த இடத்தில், என்னை ரப்பர் காற்சட்டையோடு இறக்கினார். காலைத் தூக்கக்கூடாது, அரக்கி அரக்கி வைக்க வேண்டும். நீரோட்டத்துக்கு முதுகு காட்டக்கூடாது. விழுந்தால் பதற்றப்படாமல் காலை முன்னுக்கு நீட்டிக்கொண்டு மிதக்க வேண்டும். தண்ணீர் என் முழங்காலுக்கும் வரவில்லை. கரையில் நாயோடு வந்த ஒருவர், ஏதாவது தொலைந்துவிட்டதா என்று பரிவோடு விசாரித்தார். என் வாழ்நாளில் அண்ணையோடு நான் அவ்வளவு சிரித்த நாட்கள் வேறு இல்லை.

ஐப்பசியில் அண்ணைக்கு நெஞ்சு நோ வந்தது. ஆஸ்பத்திரியில் குழாய் வைத்து அடைப்பை எடுத்தார்கள். வைத்தியர் கட்டிலடியில் வந்து எல்லாவற்றையும் விளக்கி, ஏதாவது கேட்க விரும்புகிறீர்களா என்றார். அண்ணை கேட்ட ஒரே கேள்வி, டிசம்பரில் குளிர் ஆற்றில் நிற்கலாமா என்பதுதான். வைத்தியர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். டிசம்பரில் வேண்டாம், உடம்பு தேறினால் பெப்ரவரி கடைசியில் யோசிக்கலாம் என்றார். வீட்டுக்கு வந்த அன்றே அண்ணை படகோட்டிக்கு எழுதி, பயணத்தை மாசிக்கு மாற்றினார்.

இனி எழுதப்போவதை நான் வேறு யாரிடமும் சொல்லவில்லை. என் கணவருக்கு மட்டும் தெரியும்.

என் இளையவளுக்குப் பரீசில் சம்பந்தம் பொருந்தியது. நிச்சயார்த்தத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் இரண்டு நாள் சொன்னார்கள். ஒன்று மாசியில், அண்ணையின் கிழமை. மற்றது வைகாசியில். இரண்டும் நல்ல நாள். இரண்டுக்கும் மண்டபம் இருந்தது. வைகாசிக்குக் கிடைத்த மண்டபத்தில் கார் நிறுத்த இடம் போதாது. நான் மாசியைச் சொன்னேன். ஒரு பெரிய காரணமும் இல்லை. காரை எங்கே விடுவது என்று வந்தவர்கள் முகம் சுளிப்பார்களே என்பதற்காகச் சொன்னேன். பிறகு அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். இந்த முறை அவருக்கு அந்தக் கிழமையில் என்ன இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். எனக்கும் அதே பயணச்சீட்டு இருந்தது.

"ஒரு வருஷம்தானே அண்ணை," என்றேன். "மீன் எங்கை போகப்போகுது? அடுத்த வருஷமும் வரும்தானே."



"ஓம். மீன் வரும்" என்றார்.

நிச்சயார்த்தத்துக்கு வேட்டி சால்வையோடு எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றார். மாப்பிள்ளையின் தகப்பனாரோடு வெற்றிலைத் தட்டு மாற்றினார். கார் நிறுத்த நிறைய இடம் இருந்தது. வந்தவர்கள் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. இடம் இருந்தால் யார் அதைப் பற்றிப் பேசப்போகிறார்கள்?

அண்ணை அதை மனதில் வைத்துக்கொண்டு என்னோடு பழகவில்லை. அதுதான் எனக்குப் பெரிய பாரம். திட்டியிருந்தால் நானும் ஏதாவது திருப்பிச் சொல்லி ஆறியிருப்பேன். ஆடியில் மறுபடியும் கோப்பைத் திறந்து, வரும் மார்கழிக்குத் திட்டம் போட்டார். அந்த நாட்களில் ஒருநாள் கேட்டேன்: "அவ்வளவு தூரம் போய் ஒண்டும் பிடிபடாட்டில்?"

"டெரெக் மாதிரி வந்து கதைப்பம்" என்றார்.

இந்த ஆவணியில் ஒரு வியாழக்கிழமை காலை, தேத்தண்ணியோடு கணினிக்கு முன்னால் இருந்தபோது அண்ணையின் உயிர் பிரிந்தது. அண்ணி சாப்பாட்டுக்குப் பாண் வாட்டிக்கொண்டு திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டது. நோவு பட்டிருக்கமாட்டார் என்று வந்த வைத்தியர் சொன்னார். நான் போய்ச் சேர்ந்தபோது கணினியில் ஆற்றின் மட்டம் திறந்தபடி இருந்தது. அது என்னவென்று அங்கிருந்தவர்களுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. கோடைகாலம், ஆறு மிகவும் குறைவாக ஓடிக்கொண்டிருந்தது.

நன்றி சொல்ல வேண்டியவர்களுக்கு நன்றி சொல்லுகிறேன். அவசர வண்டியில் வந்து முழங்காலில் நின்று கடைசிவரை முயன்ற இருவருக்கும், அண்ணியைத் தனியே விடாமல் பார்த்த இரு பக்கத்து அயலவருக்கும், முப்பத்தொரு நாளும் முறை வைத்துச் சமைத்துக் கொண்டுவந்தவர்களுக்கும், கிரியைகளை ஒழுங்காக நடத்திய ஐயருக்கும், ரொறன்ரோவிலிருந்தும் பரீசிலிருந்தும் பறந்து வந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றிகள். டெரெக் கறுப்பு உடுப்போடு வந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, எங்கள் ஆண்களோடு வரிசையில் நின்று வாய்க்கரிசி போட்டார். அவருக்குத் தனியாக ஒரு நன்றி. படகோட்டிக்குச் செய்தி சொல்லும் பொறுப்பை அண்ணையின் மகள், என் மருமகள் எடுத்துக்கொண்டாள். வந்த பதிலை அவள் எனக்குத் தொலைபேசியில் வாசித்தாள். அண்ணையை ஒருநாளும் கண்டிராத அந்த மனிதர், தன் ஆற்றுக்கு வந்தவர்களிலும் வராதவர்களிலும் இவ்வளவு கேள்வி கேட்டவர் வேறு யாரும் இல்லை என்றும், குளிரில் அந்த ஆறு எங்கே எப்படி ஓடும் என்று அண்ணைக்குத் தெரிந்த அளவு அங்குள்ள பலருக்கே தெரியாது என்றும் எழுதியிருந்தார். வாசித்து முடித்துவிட்டு மருமகள், "மாமி, he really wanted to go, no?" என்று கேட்டாள். ஓம் என்றேன்.

கடைசியாக, உறவினர்களின் கவனத்துக்கு ஓர் அறிவித்தல். வருகிற தையில் நடக்க இருந்த என் இளையவளின் கலியாணத்தைத் தள்ளி வைத்திருக்கிறோம். மாமன் இல்லாமல் இப்போது வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் ஒரு மறுப்பும் சொல்லவில்லை. மண்டபக்காரரும் நாளை மாற்றித் தந்தார். அக்கா வீட்டிலும் மாசியில் வைக்க இருந்த குடிபூரலை நிறுத்திவிட்டார்கள். ஆண்டு முடிவில் வரும் ஆட்டத்திவசம் முடியும்வரை எங்கள் குடும்பத்தில் தையிலும் இல்லை, மாசியிலும் இல்லை, ஒரு விசேசமும் இல்லை. ஒரு முழு வருஷத்தை அண்ணைக்காக ஒதுக்குவது எங்களில் ஒருவருக்கும் கஷ்டமாக இருக்கவில்லை.

அண்ணை கேட்டது ஒரு கிழமை.